ஐநூத்தியம்பது சிசி

முந்நூறு என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான் தண்டபாணி. முந்நூறு குதிரைத் திறன், நாலு சிலிண்டர், நாலு இன்ஜெக்டர். இதிலென்ன பிரம்ம வித்தை, கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுகிற கணக்குதானே, இருபத்திரண்டு வருசமாக இதே ஒண்டிப்புதூர் பட்டறையில் இதே இரும்பு மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்கு. டர்போ காற்றைத் திணிக்கும், திணித்த காற்றுக்குத் தக்க பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்ச வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. பந்தியில் சோறு குவித்துக்கொண்டே போகிறான் ஒருத்தன், பின்னாலேயே குழம்பு ஊற்றிக்கொண்டு வருகிறவன் கையில் கரண்டி எத்தனை பெரிசு இருக்க வேண்டும் என்று பார்க்கிற வேலை. கரண்டி சின்னதானால் சோறு தொண்டையை அடைக்கும். எஞ்சினுக்குத் தொண்டையா இருக்கிறது அடைக்க, பிஸ்டன் உருகும். இந்த இடத்தில் பேனா நின்றது. மணி பதினொன்று அஞ்சு. சென்னையிலிருந்து, உதிரிபாகம் தருவிக்கிற இர்பான் பாய் காலையிலேயே அடித்துச் சொல்லிவிட்டார், பன்னெண்டுக்குள்ள சைஸ் சொல்லிருங்க அண்ணே, வெளிநாட்டு ஆர்டர் இன்னிக்கு மூடுறேன், விட்டா அடுத்த மாசம்தான். பன்னெண்டுக்கு முன்னால் சிபியும் வந்துவிடுவான். அவன் வண்டிதான் இது, பட்டறையின் மூலையில் மூன்று வருசமாகத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. மறுபடி பந்தயத்துக்கு இறக்க வேண்டுமாம். முந்நூறை ஆறால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் நூற்றெண்பது, மணிக்கு அத்தனை பவுண்டு பெட்ரோல், நாலால் வகுத்தால் நாற்பத்தஞ்சு, இன்ஜெக்டர் எப்போதும் முழுசாகத் திறந்தே கிடக்கக் கூடாது, நூற்றுக்கு எண்பதுதான் வேலை வாங்க வேண்டும், ஆக ஐம்பத்தாறேகால், அதை நிமிசத்துக்கு இத்தனை சிசி என்று ஆக்கினால் ஐநூற்றுத் தொண்ணூறு. சந்தையில் கிடைக்கிற அடுத்த அளவு அறுநூற்றைம்பது. தாராளம். எழுதினான், 650. எழுதின கையே அதை அடித்தது. பக்கத்தில் 850 என்று எழுதினான். அதையும் அடித்தான்.

அறுநூற்றைம்பதில் என்ன கோளாறு, ஒரு கோளாறும் இல்லை, ஆனால் போன தடவையும் இப்படித்தானே, இதே மாதிரிக் கோடு போட்ட நோட்டில், இதே மாதிரி ஒரு கோளாறும் இல்லாமல் வந்தது விடை. போன தடவை இருநூற்றெண்பது குதிரை. கணக்கு ஐநூற்றைம்பத்தொன்று சொன்னது, இன்ஜெக்டர் டப்பாவின் மேல் ஐநூற்றைம்பது என்று போட்டிருந்தது, ஆகா, கடவுளே கொடுத்த மாதிரிப் பொருந்துகிறதே என்று தொடையில் தட்டிக்கொண்டான். தட்டினானே மடையன். ஐநூற்றைம்பது என்றால் எந்த அழுத்தத்தில் ஐநூற்றைம்பது? கேட்டானா? இருபத்திரண்டு வருசத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பான், இன்ஜெக்டர் வாங்கும்போது நம்பரைப் பார்க்காதீங்கய்யா, எத்தனை பார் அழுத்தத்தில அளந்தான்னு பாருங்க, குழாயில் அழுத்தம் கூடினால் எந்த ஊசி ஓட்டையும் பெரிசாகத்தான் ஊற்றும். ஊருக்குச் சொன்ன வாய். டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், நாலு பார் என்று இருந்தது. சிபி வண்டியின் பெட்ரோல் குழாயில் இருந்தது மூன்று பார். மூன்று பாரில் அந்த ஐநூற்றைம்பது வெறும் நானூற்றெழுபத்தாறு. எழுபது சிசி எங்கே போச்சு? எங்கேயும் போகவில்லை, இல்லவே இல்லை, முதலிலிருந்தே இல்லை. சரி, தாளைத்தான் படிக்கவில்லை, மனுசன் மறப்பான், அதையாவது சாமி மன்னிக்கும். ஆனால் உருளையின் மேல் வண்டியை நிறுத்தி ஓட்டிப் பார்த்தானே அன்றைக்குச் சாயந்தரம், லேப்டாப்பில் வந்ததே எண், இன்ஜெக்டர் நூற்றுக்கு எண்பதில் நிற்க வேண்டிய இடத்தில் தொண்ணூற்று மூன்று. என்னடா இது என்று ஒரு நிமிசம் உட்கார்ந்தான். ஒரு நிமிசம் முழுசாக. மறுநாள் காலையில் வண்டி சோதனைக்குப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பந்தயம், சிபி வாசலில் நின்று என்னங்ணா ஆச்சுங்களாங்ணா என்கிறான். தொண்ணூற்று மூன்றுதானே, நூறு இல்லையே. ஆச்சு கண்ணு, எடுத்துட்டுப் போ. அந்தப் 'போ' இன்னும் நாக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, எத்தனை தடவை வாய் கொப்பளித்தும் போகவில்லை.

உருளையில் ஓட்டினது சித்திரை வெயில் மாதிரிப் புழுங்கின தகரக் கொட்டகையில். பந்தயம் உடுமலைக்கு அந்தப்பக்கம், காற்றாலை நிற்கிற பொட்டல் காட்டில், மார்கழி விடியல். குளிர்ந்த காற்று கனமான காற்று, அதே டர்போ அதே அழுத்தத்தில் திணித்தாலும் உள்ளே போகிற சரக்கு அதிகம், இது பாலிடெக்னிக் பையனுக்குத் தெரியும். தொண்ணூற்று மூன்று நூறாகிவிடும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பேப்பர் கப்பில் டீ வாங்கிக்கொண்டு, முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றான். கடைசி நாலு கிலோமீட்டர் நேர் ரோடு அது, ஏற்றம் வேறு. காற்றாடிகள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. எஞ்சின் சத்தம் வந்துகொண்டே இருந்து, ஒரு இடத்தில், பால் பொங்கி அடுப்பு அணைகிற மாதிரி, நின்றது. அப்புறம் புகை. பிஸ்டன் ஓட்டையாகி, எண்ணெய் பீறிட்டு, சிவக்கக் காய்ந்த டர்போ மேல் கொட்டி, குப்பென்று. உள்ளே ரெண்டு பேர். ஓட்டினவன் சிபி, பக்கத்தில் பாதை வாசித்தவன் அவனுடைய அக்கா வீட்டுக்காரன் ரகுபதி. ரகுபதி குதித்துவிட்டான், அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சிபியின் பெல்ட்டுதான் மாட்டிக்கொண்டது. ரகுபதி சுற்றி ஓடி வந்து வலது கையை உள்ளே விட்டு அந்தக் கொக்கியை நெம்பினான், தீ வருகிற திசையில்தான் கொக்கி இருந்தது, நெம்பி நெம்பி எடுத்து மச்சினனை இழுத்துப் போட்டான். சிபி பிழைத்தான். ரகுபதியின் வலது கை விரல்கள் மடங்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் மடங்கவில்லை. மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவன் அவன், வரதராஜபுரத்தில் பட்டறை, மயிர் மாதிரிக் கம்பியை விரல் நுனியால் எண்ணாமல் எண்ணுகிறவன். இப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆளுங்களுக்கு வாயால் சொல்கிறான். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், சிபி புகைக் கரியோடு வந்து தண்டபாணியின் கையைப் பிடித்தான். ங்ணா, நீங்க தொடாதேன்னு சொன்னீங்க, நாந்தானுங்ணா அந்த டர்போக் குமிழைத் திருப்பினேன், ஒரே ஒரு சொடுக்கு, மேடு ஏற மாட்டேங்குதுன்னு திருப்பினேன், அதனாலதானுங்களா? தண்டபாணி வாயைத் திறந்தான். திறந்து, 'ம்' என்றான்.

பொய் சொன்னானா? சொல்லவில்லையே. 'ம்' என்பது ஒரு பேச்சா, கதை கேட்கிற பிள்ளைகூட 'ம்' கொட்டும். வாதாடிப் பார்த்திருக்கிறான் இப்படியெல்லாம், குளிக்கும்போது, சிக்னலில் நிற்கும்போது, தலைவாரும்போது கண்ணாடியில் தெரிகிற ஆளோடு. அந்த ஆளும் லேசுப்பட்டவன் இல்லை. குமிழுக்கு வயர் இருந்துதாடா, என்று கேட்பான். இல்லை. அதுதான் சங்கதி, வயரே இல்லை. டர்போ அழுத்தத்தைக் கூட்டுகிற குமிழ் ஒன்று வேண்டும் வேண்டும் என்று சிபி ஒற்றைக் காலில் நின்றான், இந்த வயசுப் பசங்களுக்குக் குமிழ் இருந்தால் கை சும்மா இருக்காது என்று தண்டபாணிக்குத் தெரியும், தொழிலில் எல்லாரும் செய்கிறதுதான், டாஷ்போர்டில் அழகாக ஒரு குமிழை வைத்துவிட்டுப் பின்பக்கம் வயரைத் துண்டித்துவிடுவது. திருப்பட்டும், திருப்பித் திருப்பி ஆசை தீரட்டும். எத்தனை பேர் திருப்பிவிட்டு வந்து, யப்பா என்ன இழுவைங்ணா என்று சொல்லியிருக்கிறார்கள், இவனும் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறான். ஆகவே சிபி வராந்தாவில் கேட்ட அந்த நொடியிலேயே தெரியும், குமிழ் இல்லை காரணம் என்று. வேறென்ன என்பது சாயந்தரம் தெரிந்தது, பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டப்பாவின் தாளை வெளிச்சத்தில் பிடித்தபோது. லேப்டாப்பிலும் இருந்தது அந்த ஓட்டத்தின் பதிவு, டர்போ அழுத்தக் கோடு முதலிலிருந்து கடைசிவரை ஒரே நேர்கோடு, ஒரு முடி அளவு ஏறவில்லை, அதற்குக் கீழே இன்ஜெக்டர் கோடு நூறில் போய் முட்டிக்கொண்டு நின்றது. மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். மறுநாள் ரகுபதிக்கு முதல் ஆபரேசன், அந்த நேரத்தில் போய் எதைச் சொல்வது. அடுத்த வாரம் என்றான். அடுத்த வாரத்துக்குள் சிபி ஊர் பூராவும் சொல்லிவிட்டான், என்ற தப்பு, அண்ணன் அத்தனை சொல்லியும் கேக்கல, நாந்தான். கேட்டவர்கள் தண்டபாணியிடம் வந்து, நீ என்னய்யா பண்ணுவே, சொல்றதைச் சொல்லியாச்சு, கேக்காதவன் கெட்டான் என்று தேற்றினார்கள். தேற்றலை வாங்கிக்கொண்டான். வெட்கம் கெட்டவன், டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்கிற மாதிரி வாங்கிக் குடித்துக்கொண்டான். கம்மென்று இருக்கிறவனுக்கு ஊரே வக்கீல். பக்கத்து லேத்தில் இரும்பைச் சீவுகிற சத்தம் நின்று, மறுபடி ஆரம்பித்தது.

சிபி மட்டும் அந்தப் பழியைச் சுமந்து அதோடு போயிருந்தால் இத்தனை அரிக்காதோ என்னவோ. அவன் சுமந்துகொண்டு நேராக அக்கா சுகந்தியிடம் போனான். சுகந்திக்கு அப்போது ஏழாவது மாசம். பந்தயத்துக்கு முந்தின நாள் தம்பியிடம், என்ற வீட்டுக்காரரைப் பத்திரமாக் கூட்டிட்டு வந்துருடா என்று சொல்லி அனுப்பினவள். அக்கா, நாந்தாங்க்கா குமிழைத் திருப்பினேன் என்று காலில் விழுந்தவனை அவள் எழுந்திருக்கச் சொல்லவில்லை. எம் புருசன் கையவிட உனக்கு அந்த மேடு பெரிசாப் போச்சா, போ, என்ற வாசப்படி மிதிக்காதே. அவ்வளவுதான். குழந்தை பிறந்தது, பெண் குழந்தை, தாய்மாமன் எட்டிப் பார்க்கவில்லை, பார்க்க விடவில்லை. ரகுபதி ஒன்றுரெண்டு தடவை போனில் பேசினானாம், மாப்ள மனசுல வெச்சுக்காதே என்றானாம், அவள் எதிரில் பேசவில்லை. இப்போது அந்தப் பிள்ளைக்கு மூணு வயசு, வருகிற வெள்ளிக்கிழமை காதுகுத்து, இன்றைக்குப் புதன். பத்திரிகை தண்டபாணிக்கு வந்திருக்கிறது, தண்டபாணிக்கு, மஞ்சள் தடவி, சுகந்தியே நேரில் வந்து கொடுத்தாள், குடும்பத்தோடு வந்திரோணுங்ணா என்று. சிபிக்கு வரவில்லை. போன வாரம் வந்து வண்டியை எடுக்க வேண்டும் என்று சொன்னபோது அவனே சொன்னான், தார்ப்பாயின் ஓரத்தை விரலால் நிமிண்டிக்கொண்டே, ஒண்ணுவிட்ட மாமன் மடியில உக்கார வெச்சுக் குத்துறாங்களாம்ங்ணா, அந்த அவிநாசிக்காரன், அவனைப் பாப்பா பாத்ததுகூட இல்ல. சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்துவிட்டு, இந்தத் தடவை குமிழே வேண்டாம்ங்ணா, வெக்காதீங்க, என்ற கை சரியில்ல என்றான். தண்டபாணி கார் சாவியைக் கீழே போட்டு, குனிந்து, வேண்டிய நேரத்துக்கு மேலேயே தேடினான். இன்றைக்குக் காலையில் அவன் பொண்டாட்டி தனம் இட்லியை வைத்துக்கொண்டே சொல்கிறாள், நாம போயிப் பந்தியில உக்காந்து சாப்ட்டு வருவோம், தாய்மாமன் ஊட்டுல மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருப்பான், என்ன பாவமுங்க இது, அவனும் அந்தக் குமிழைத் தொடாம இருந்திருக்கலாம். பொண்டாட்டிக்கும் தெரியாது. ஒரு கட்டிலில் படுக்கிறவளுக்கே தெரியாது. இன்னொரு இட்லி போடட்டுங்களா என்றாள். போடு என்றான். அந்த இட்லியும் இறங்கத்தான் இறங்கியது.

மணி பதினொன்று நாற்பது. சரி, அளவுக்கு வா. ஆயிரம் போட்டால் என்ன? ஆயிரம் சிசி. மூணு பாரோ நாலு பாரோ எந்தப் பாராக இருந்தாலும் சரி, எந்தக் குளிரானாலும், எந்த மேடானாலும், பாதிகூடத் திறக்காது, சும்மா விளையாட்டாக ஊற்றும். யாரும் எரிய மாட்டார்கள். எழுதினான், 1000. எழுதினதும் நெஞ்சுக்குள் ஒரு இளக்கம், ஆஹா, இதுதான் சரி, இதுதான் பிராயச்சித்தம், சொல்லாமலேயே சரிக்கட்டிவிடலாம். வாயால் சொல்ல வேண்டியதைக் கரண்டியில் ஊற்றிவிடலாம். அடச்சீ. யாருக்கு இது? சிபிக்கா? ஆயிரம் சிசி இன்ஜெக்டருக்கு, வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது, சின்ன அளவாக ஊற்ற வராதே, சங்கில் பால் புகட்டுகிற இடத்தில் அண்டாவைக் கவிழ்த்த மாதிரி, வண்டி நின்றால் இருமும், பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து அங்கே இருக்க வேண்டிய எண்ணெயைக் கழுவும், ஆறு மாசத்தில் எஞ்சின் தேய்ந்து போகும். இவன் நிம்மதியாகத் தூங்க அவன் வண்டி தேய வேண்டும், அப்படித்தானே? போன தடவை அவசரத்துக்குச் சின்னது, இந்தத் தடவை பயத்துக்குப் பெரிசு, ரெண்டு தடவையும் அந்த வண்டிக்கு என்ன வேண்டும் என்று பார்க்கவே இல்லை. ஆனாலும் ஆயிரத்தை அடிக்கவில்லை. விரல் பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்த மூன்று சைபர்களை ஒவ்வொன்றாகத் தடித்ததாக ஆக்கிக்கொண்டிருந்தது. சொன்னால் என்ன ஆகும்? சொல்லிப் பார், மனசுக்குள்ளேயே சொல்லிப் பார். சிபி அடிப்பான். அடிக்கட்டும். ஊரில் பெயர் போகும், தண்டபாணி பட்டறைக்கு வண்டி வராது. வராவிட்டால் போகிறது, பழைய கார்புரேட்டர் கழுவிப் பிழைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் இல்லை பயம். ரகுபதி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான், அதுதான். அந்த மடங்காத கையால் தோளில் தட்டிவிட்டு, விடுங்ணா என்பான். இன்னும் ரெண்டு நாள் போனால் வெள்ளிக்கிழமை, காது குத்தியாகிவிடும், குத்தின காதை மறுபடி குத்த முடியாது, யார் மடியில் உட்கார்ந்ததோ அது உட்கார்ந்ததுதான். அதற்கப்புறம் சொல்லி என்ன பிரயோசனம். அப்படியானால் அதற்கப்புறம் சொல்லவே வேண்டாமோ? இப்படி ஒரு நினைப்பு வந்தது பார், பாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு, ரெண்டே நாள் வாயை மூடு, அப்புறம் சொல்ல வேண்டிய அவசியமே தீர்ந்துவிடும். தூ. மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தான், வெந்நீராகக் கொதித்தது.

வாசலில் பைக் நின்றது. சிபி பேக்கரிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான், முப்பத்திரண்டு வயசுக்கு முன்னந்தலை அதற்குள் நரைத்துவிட்டது.

"தேங்கா பன் சூடா இருந்துச்சுங்ணா, உங்களுக்குப் பிடிக்குமேன்னு. முடிச்சுட்டீங்களா? எத்தனை சொல்றதுங்க இர்பான் பாய்கிட்ட?"

"ஆயிரம்."

"ஆயிரமா?" பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஏனுங்ணா, வெளையாடறீங்களா? இருநூத்தி எம்பதுக்கு ஐநூத்தியம்பது போட்டோம். இருபது குதிரை கூட்டறதுக்கு ரெண்டு மடங்கா? பெரிசு போட்டா எண்ணெயக் கழுவிப்புடும்னு நீங்கதானுங்களே பாடம் எடுப்பீங்க."

"பத்திரத்துக்கு."

"அப்ப ஐநூத்தியம்பது பத்திரமா இல்லீங்களா?"

அவன் ஒன்றும் நினைத்துக் கேட்கவில்லை. பன்னைப் பிய்த்துக்கொண்டு, சும்மா, பேச்சுக்குப் பேச்சு கேட்டான். தண்டபாணி அவன் முகத்தைப் பார்த்தான். இதோ கதவு திறந்து கிடக்கிறது, யாரும் நெட்டித் தள்ளவில்லை, தானாகவே திறந்தது, இப்போது தலையாட்டிவிட்டால் மூடிவிடும், மூன்று வருசமாக மூடத் தெரிந்த கைதானே. அப்புறம் என்ன, ஆயிரத்தை அறுநூற்றைம்பதாக்கி, பன்னைத் தின்று, வெள்ளிக்கிழமை வேட்டி கட்டிக்கொண்டு போகலாம்.

"இல்ல சிபி," என்றான். "அது ஐநூத்தியம்பதே இல்ல. நாலு பார்ல அளந்தது. உன்ற வண்டில மூணு பார். நானூத்திச் சொச்சந்தான் வந்துச்சு. நாந்தான் அந்தத் தாளைப் படிக்கல. ஓட்டிப் பாக்கறப்பவே லேப்டாப்புல நம்பர் கூடுதலாக் காட்டுச்சு, பாத்தேன், பாத்துட்டு அனுப்பிச்சேன். பெட்ரோல் பத்தாமத்தான் பிஸ்டன் போச்சு."

"நான் குமிழைத் திருப்பினதுனால பத்தாமப் போச்சுங்களா?"

"குமிழுக்கு வயரே இல்ல கண்ணு."

சிபி பன்னை மேசை மேல் வைத்தான். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டி இழுத்துச்சுங்ளே. நான் திருப்பினதும் இழுத்துச்சு. எனக்கு முதுகுல தெரிஞ்சுதுங்ணா."

"திருப்பினவங்க எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்."

கோபம் வரும், இப்போது வரும் என்று தண்டபாணி உடம்பைக் கல்லாக்கிக்கொண்டு நின்றான். வரவில்லை. சிபி அவனைத் தாண்டி மூலைக்குப் போனான், தார்ப்பாயைத் தூக்கினான், கரிந்த டாஷ்போர்டுக்குள் கையை விட்டு, பாதி உருகிக் கிடந்த குமிழைப் பிடித்து இழுத்தான். பொசுக்கென்று வந்துவிட்டது. பின்பக்கம் ஒன்றும் இல்லை. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேசை மேல் போன் அடித்தது, இர்பான் பாய். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"நெசமா எத்தனைங்ணா வேணும்? இப்ப?" முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான் சிபி.

"அறுநூத்தியம்பது. மூணு பார்ல அளந்தது."

"அதை அப்பறம் பாத்துக்கலாம். அக்காளுக்கு அடிங்க."

"நேர்ல போலாம் சிபி, நானே வர்றேன், ரகுபதியும் இருப்பான்..."

"இப்ப அடிங்க. என்ற நம்பர்ல எடுக்க மாட்டா. உங்க போன்ல அடிங்க." குரல் உயரவே இல்லை. "எல்லாருக்கும் கேக்கற மாதிரிப் போடுங்க."

ரெண்டாவது மணிக்கே எடுத்துவிட்டாள் சுகந்தி. பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம், ஒரு சின்னக் குரல் எதற்கோ சிணுங்குகிற சத்தம். "சொல்லுங்ணா! நானே கூப்புடோணும்னு இருந்தேன். வெள்ளிக்கிழமை தனம் அக்காளை வெள்ளனவே அனுப்பிச்சு வெச்சுருங்கோ, எனக்கு ஒத்தாசைக்கு ஆளில்ல." அவள் குரலில் சிரிப்பு இருந்தது. இத்தனை நல்ல குரலை இவன் எப்படி வாங்கிக்கொண்டிருந்தான் இத்தனை நாளாக. "அம்மிணி, ஒண்ணு சொல்லோணும், குறுக்க பேசாமக் கேளு," என்று ஆரம்பித்து, சொன்னான். அழுத்தம், தாள், டப்பா எல்லாம் அவளுக்கு எதற்கு என்று நடுவில் தோன்றி, அதையெல்லாம் விட்டுவிட்டு, தப்பு என்னுது, உந்தம்பி ஒரு தப்பும் பண்ணல, அவன் திருப்பின குமிழ் பொம்மைக் குமிழ், ரகுபதி கை போனது என்னாலதான் என்று சொன்னான். சொல்லிமுடிக்க ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. மூன்று வருசம் தூக்கின சுமை ஒரு நிமிசத்துக்குக்கூட வரவில்லையே என்று ஒரு நினைப்பு ஓடியது, அதற்குக்கூட வெட்கமாக இருந்தது.

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. குழந்தை அம்மா அம்மா என்று எதையோ கேட்டுக்கொண்டே இருந்தது.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

யாரோ சொல்லி அவனுக்கும் இன்றைக்குத்தான் தெரிந்தது என்று ஒரு பொய் நாக்கு நுனிக்கு வந்து தயாராக நின்றது, கூப்பிடாமலேயே வந்து நின்றது. சிபி ஜன்னலில் இருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கே தெரியும், அம்மிணி. அன்னிக்குச் சாயந்தரமே."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான், சாபம் விடட்டும் என்று காத்திருந்தான், மண்ணை வாரித் தூற்றட்டும், அழட்டும், எதையாவது கையில் கொடுக்கட்டும் என்று போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பக்கத்துல இருக்கறானா?"

"இருக்கறான்."

"என்ற தம்பிகிட்டக் குடுங்க," என்றாள் சுகந்தி. அவனிடம் அவள் சொல்ல இருந்தது அவ்வளவுதான். தண்டபாணி போனை நீட்டினான்.